கொலொம்போ சாப்பிட வந்த அக்கா

எனக்குக் கை ஒடிந்தது ஆடி மாசம் பிறந்த வாரத்தில். மொட்டை மாடியில் படுக்கை விரிப்புகளைக் காயப்போட்டிருந்தேன். திடீரென்று தூறல் போட்டது. எல்லாவற்றையும் வாரி அணைத்துக்கொண்டு இறங்கும்போது ஈரப் படியில் கால் வழுக்கி, வலது கையை ஊன்றி விழுந்தேன். பெரியாஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, விரல் நுனிகள் மட்டும் வெளியே தெரிகிற மாதிரி முழங்கை வரைக்கும் மாவுக்கட்டு போட்டு அனுப்பினார்கள்.

வலியைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. மறுநாள் காலையில் ஒரு விருந்தாளி வரப்போகிறார்.

எங்கள் வீடு பாண்டி முத்தியால்பேட்டையில், மில் இருந்த காலத்தில் கட்டிய பழைய வீடு. மாடியில் ஒரே ஒரு அறை. அதை வெளியூர்க்காரர்களுக்கு வாடகைக்கு விடுகிறேன். அதற்கு முன்னால், பிரெஞ்சுக்காரர்கள் குடியிருந்த ஒயிட் டவுனில் ஒரு தங்கும் விடுதியில் பல வருஷம் வேலை பார்த்தேன். முதலில் துணி துவைத்தேன். கன்னியாஸ்திரிகள் பள்ளியில் படித்த பிரெஞ்சு கொஞ்சம் வாயில் ஒட்டிக்கொண்டிருந்ததால், பிறகு வரவேற்பு மேசையில் உட்கார வைத்தார்கள். அந்த விடுதியை விற்றபிறகு, தெரிந்த இந்த ஒரு தொழிலை வீட்டிலேயே செய்யலாமே என்று ஆரம்பித்ததுதான் மாடி அறை. அறை சின்னது. ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிதான் தெரியும். அப்படியும் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள் என்றால் அதற்குக் காரணம் என் சமையல். இரண்டு வேளைச் சாப்பாடும் சேர்த்துத்தான் நான் அறையைக் கொடுப்பேன்.

இப்போது கரண்டி பிடிக்கக் கை இல்லை. விருந்தாளிக்குப் போன் போட்டால் மணியே அடிக்கவில்லை. விமானத்தில் ஏறிவிட்டிருந்தார்.

மறுநாள் காலை வாசலில் ஆட்டோ வந்து நின்றது. இறங்கியவரைப் பார்த்ததும் எங்கள் தெருக்காரி யாரோ வந்திருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். மாநிறத்தைவிடக் கொஞ்சம் கறுப்பு, நெற்றியில் விழுகிற நரைமுடி, பூப்போட்ட கவுன், அறுபதைத் தாண்டிய வயசு. முகத்தைப் பார்த்தால் மார்க்கெட்டில் எறா விற்கிறவர்களின் அக்கா தங்கை என்று சொல்லலாம். வாயைத் திறந்தால் பிரெஞ்சு. அதுவும் பள்ளிக்கூடத்தில் நான் கேட்ட பிரெஞ்சு இல்லை, பாட்டு மாதிரி ஏறி இறங்குகிற பிரெஞ்சு. கரிபியன் கடலில் இருக்கிற குவாதலூப் தீவிலிருந்து வந்திருந்தார். அங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர்.

எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் மன்னிப்புக் கேட்டேன். "மதாம், உங்களுக்குச் சமைச்சுப் போட முடியாது. வேற நல்ல இடமா பார்த்துக் கொடுக்கறேன். காபி மட்டும் குடிச்சிட்டுப் போங்க."

அவர் பையைக் கீழே வைத்துவிட்டு என் மாவுக்கட்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரல்களை ஒவ்வொன்றாக அமுக்கி, "உணர்ச்சி இருக்கா?" என்று கேட்டார். பிறகு, "நல்லாத்தான் போட்டிருக்காங்க. நான் எங்கயும் போகல. இந்த ஊர்ல சாப்பாட்டுக் கடையே இல்லையா?" என்றார்.

"நிறைய இருக்கு."

"எது நல்லா இருக்கும்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. இந்த ஊரிலேயே பிறந்து, இந்த ஊருக்குள்ளேயே கல்யாணம் ஆகி, ஐம்பதைத் தாண்டியும் ஆகிவிட்டது. விடுதியில் இருந்தபோது வெள்ளைக்காரர்களுக்கு, அங்கே போங்கள், இங்கே போங்கள் என்று கடைகளுக்கு வழி சொன்னதெல்லாம் மற்றவர்கள் சொல்லக் கேட்டுச் சொன்னது. ஒரு கடையிலும் நான் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. வீட்டுக்காரருக்கு அது பிடிக்காது. வீட்டில் ஆள் இருக்கும்போது ஓட்டலில் சாப்பிடுவது எதற்கு என்பார். அவர் மில்லில் இருந்தவர். மில் மூடியபிறகு ஒரு ஓட்டலில் எலக்ட்ரீஷியனாகச் சேர்ந்தார். சண்டை போட்டுச் சொன்னதில்லை, சாதாரணமாகத்தான் சொல்வார். நானும் சமைப்பதில் இஷ்டம் உள்ளவள், அதனால் மறுத்துப் பேசத் தோன்றியதில்லை.

"எனக்கும் தெரியாது மதாம்," என்றேன்.

"அப்ப ரெண்டு பேரும் சேர்ந்து கண்டுபிடிப்போம்," என்றார்.

முதலில் அழைத்துப்போனது ரொட்டிக்கடைக்கு. ஒயிட் டவுனுக்கு இந்தப் பக்கம், பெரிய வாய்க்காலைத் தாண்டாமலே ஒரு சந்தில் இருக்கிறது. விடியற்காலையில் அடுப்பிலிருந்து நீள ரொட்டிகளை எடுத்துக் கூடையில் குத்தி வைப்பார்கள். கடைக்கு முன்னால் இரண்டு பெஞ்சு. வாத்தியார்கள், பென்ஷன்காரர்கள், கோயிலுக்குப் போய்விட்டு வருகிறவர்கள் எல்லாம் அங்கே ரொட்டியைப் பிய்த்துக் காபியில் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மதாம் ஒரு ரொட்டியை வாங்கி, காதோடு வைத்து அமுக்கினார். மேல்தோல் நொறுங்குகிற சத்தம் கேட்டதும் தலையை ஆட்டினார். "எங்க ஊர்லயும் இதுதான் சோதனை," என்றார். எனக்கு இடது கையால் பிய்க்க வரவில்லை. அவரே பிய்த்துத் தோய்த்து என் கையில் கொடுத்தார். அந்த ரொட்டிக்கடையைத் தாண்டி ஆயிரம் தடவை நடந்திருப்பேன். வாசனையோடு போய்விடுவேன். சூடு ஆறாத ரொட்டி காபியில் ஊறி வாய்க்குள் போகும்போது எப்படி இருக்கும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது அவர் தன் கதையைச் சொன்னார். அப்பா கரும்புத் தோட்டத்துக் கூலி. அப்பாவின் முன்னோர்கள் கப்பலேறிப் போனது பாண்டியிலிருந்து என்று மட்டும் வீட்டில் சொல்வார்களாம். எந்த ஊர், என்ன குடும்பம், ஒன்றும் தெரியாது. மொழியும் போய்விட்டது.

"சொந்தக்காரங்களைத் தேடப் போறீங்களா?" என்று கேட்டேன்.

"பேரே தெரியாம யாரைத் தேடறது?" என்றார். "நான் கொலொம்போ சாப்பிடணும். அதுக்குத்தான் வந்தேன்."

எனக்குச் சங்கடமாகிவிட்டது. கொழும்பு இலங்கையில் அல்லவா இருக்கிறது? பாவம், இவ்வளவு தூரம் தப்பாக வந்துவிட்டாரோ என்று நினைத்தேன். "மதாம், அது வேற நாடு. இங்கேருந்து சென்னைக்குப் போய் விமானம் பிடிக்கணும்," என்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். ஊர் இல்லையாம், சாப்பாடாம். ஆட்டுக்கறியில் செய்வார்களாம், மஞ்சள், கொத்தமல்லி, வெந்தயம், கடுகு எல்லாம் அரைத்த பொடி போட்டு. விசேஷ நாளில் வாழையிலையில் சோறு போட்டு அதை ஊற்றித் தருவார்களாம். "இங்க அதுக்கு என்ன பேரோ தெரியல. சாப்பிட்டா கண்டுபிடிச்சிடுவேன்," என்றார்.

மத்தியானம் பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கிற ஒரு மெஸ்ஸுக்குப் போனோம். மீன்காரம்மா ஒருத்தி சொன்ன இடம். ஒரு நடுவயசுப் பெண்ணும் அவள் புருஷனும் நடத்துகிறார்கள். அவள் பரிமாறுவாள், அவன் உள்ளே அடுப்படியில் இருப்பான். சுமை தூக்குகிறவர்களும் கடைக்காரர்களும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பெண் பிள்ளை என்று பார்த்தால் நாங்கள் இரண்டு பேர்தான். எனக்குக் கூச்சம் பிடுங்கித் தின்றது. யாராவது தெரிந்தவர்கள் இருக்கிறார்களா என்று தலையைத் தூக்காமலே பார்த்தேன். மதாமோ நேராகப் போய் மூலையில் உட்கார்ந்து, எனக்கும் இடம் போட்டார்.

இலை வந்தது. சோறு வந்தது. மெஸ்காரம்மா வாளியோடு எங்கள் பின்னால் வந்து நின்று, "கொளம்பு ஊத்தட்டா?" என்றாள்.

மதாம் சடக்கென்று திரும்பினார். "என்ன சொன்னாங்க?"

"கொளம்பு வேணுமான்னு கேக்கறாங்க."

"கொலொம்போ?"

"கொளம்பு. குழம்பு."

எங்கள் பக்கத்தில் பாதிப் பேருக்கு மேல் அந்தச் சிறப்பு ழகரம் வராது. எனக்கே அவசரத்தில் வராது. பள்ளிக்கூடத்தில் அதற்காக அடி வாங்கியிருக்கிறேன். அந்தக் கொச்சையேதான் கப்பலேறிக் கடல் தாண்டிப் போயிருக்கிறது என்று அன்றைக்கு அந்த மெஸ்ஸில் உட்கார்ந்து புரிந்துகொண்டேன். மதாம் அந்தம்மாவிடம் திரும்பி, "கொலொம்போ," என்றார். அந்தம்மாவும், "ஆமாம்மா, கறிக்கொளம்பு," என்று சொல்லி ஒரு கரண்டி ஊற்றினாள். மதாம் உடனே சாப்பிடவில்லை. கொஞ்ச நேரம் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஐந்து விரலாலும் பிசைந்து ஒரு வாய் போட்டுக்கொண்டார். கண்ணை மூடி மென்றார்.

"அதுவேதானா?" என்று கேட்டேன்.

"காரம் ஜாஸ்தி. எங்க அம்மா தேங்காய் போடமாட்டாங்க. ஆனா அதுதான்," என்றார்.

அவர் அழகாகச் சாப்பிட்டார், ஒரு பருக்கை சிந்தாமல். கஷ்டம் எனக்குத்தான். இடது கையால் இலையைத் தொட மனசு வரவில்லை. ஸ்பூன் வாங்கி முயற்சி செய்தால் சோறு இலைக்கும் மடிக்கும் நடுவில் விழுந்தது. எதிர் வரிசையில் ஒருவர் பார்த்துவிட்டுப் பார்க்காததுபோல் குனிந்துகொண்டார். நான் ஸ்பூனை வைத்துவிட்டேன். பசியில்லை என்று சொல்லிவிடலாம் என்று நினைத்தேன்.

மதாம் தன் சாப்பாட்டை நிறுத்தினார். என் இலையைத் தன் பக்கம் இழுத்தார். குழம்பு ஊற்றிப் பிசைந்து, சின்ன உருண்டையாக உருட்டி என் வாய்க்கு நேரே நீட்டினார்.

"ஐயோ, வேணாம் மதாம். எல்லாரும் பார்க்கறாங்க."

"பார்க்கட்டும். வருஷக்கணக்கா இதுதான் என் வேலை. கிழவர்களுக்கு, அடிபட்டவங்களுக்கு, குழந்தைகளுக்கு. வாயத் திற."

திறந்தேன். அம்மா போனபிறகு எனக்கு யாரும் ஊட்டியதில்லை. அம்மா இருந்தபோதும் எனக்குப் பின்னால் தம்பி தங்கைகள் வந்துவிட்டதால் ரொம்ப நாள் ஊட்டியிருக்கமாட்டார்கள். கல்யாணம் ஆன நாளிலிருந்து எல்லாருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில் அடுப்படியில் நின்றுகொண்டே சாப்பிடுகிறவள் நான். அன்றைக்கு உட்கார்ந்து, சுடச்சுட, இன்னொருத்தர் சமைத்ததை, இன்னொருத்தர் கையால் சாப்பிட்டேன். மூன்றாவது உருண்டையில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. காரம் என்று சொல்லிக்கொண்டேன். மெஸ்காரம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள் போலிருக்கிறது. கேட்காமலே மோர் கொண்டுவந்து வைத்தாள். "மெதுவா சாப்பிடு யக்கா. எலையக் காலி பண்ணச் சொல்லி யாரும் வெரட்டமாட்டாங்க," என்றாள்.

அதன்பிறகு தினமும் ஊரைச் சுற்றினோம். கடற்கரையில் பழைய கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டோம். மதாம் மாங்காய்த் துண்டை மிளகாய்ப் பொடியில் புரட்டித் தின்றுவிட்டு இன்னொன்று வாங்கிவரச் சொன்னார். பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் சாய்கோனுக்குப் போய்த் திரும்பி வந்த குடும்பம் ஒன்று வீட்டிலேயே பொரித்து விற்கிற நேம் வாங்கித் தின்றோம். உள்ளே கறியும் சேமியாவும் வைத்துச் சுருட்டிப் பொரித்தது. அந்த வீட்டு அம்மாவும் மதாமும் பிரெஞ்சில் பேச ஆரம்பித்து, எனக்குப் பாதி புரியாமல் போய்விட்டது. இரண்டு பேருக்கும் பேச எவ்வளவோ இருந்தது. நான் பேசாமல் நேமைச் சட்னியில் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். சட்னி இல்லை அது, மீன் சாறு. முதல் வாய்க்கு முகம் சுளித்தேன். கடைசித் துளிவரை வழித்துத் தின்றேன்.

நடுவில் ஒருநாள் வீட்டுக்காரர் கேட்டார். "தெருவுல கேக்கறாங்க, ஒன் வீட்டம்மா யாரோ பொம்பளையோட கடை கடையா சுத்தறாங்களேன்னு."

அவர் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். எனக்குக் கை சரியில்லாததால் காலையில் அவரே தெருமுனையில் வாங்கிவருவார்.

"நீங்க தெனம் மத்தியானம் எங்க சாப்பிடறீங்க?" என்று கேட்டேன்.

"ஓட்டல்லதான். ஸ்டாஃப் சாப்பாடு."

"அது மட்டும் வெளிச் சாப்பாடு இல்லையா?"

"அது வேலைக்குப் போற எடம்."

"எனக்கும் இது வேலைதான். விருந்தாளியக் கூட்டிட்டுப் போறேன்."

அவர் இட்லியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டார். அவ்வளவு சொல்லிவிட்டேனே என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அன்றைக்கு மாடிப்படி ஏறும்போது கால் லேசாக இருந்தது.

மதாமுக்கு ரம் குடிக்க ஆசை. அவர் தீவே கரும்புத் தீவு, ரம்முக்குப் பெயர் போனது. பாண்டியில் சாராயத்துக்குப் பஞ்சமா? தடுக்கி விழுந்தால் ஒயின் ஷாப். ஆனால் பொம்பளைகள் உட்கார்ந்து குடிக்கிற இடம் எது? ஒயிட் டவுனில் காகிதப்பூக் கொடி படர்ந்த ஒரு தோட்ட ஓட்டல் இருந்தது. சாயங்காலம் நாலு மணிக்கு அங்கே போனோம். முந்தானையை நன்றாக இழுத்துப் போர்த்திக்கொண்டு, சுவர்ப் பக்கம் முகத்தை வைத்து உட்கார்ந்தேன். மதாம் ரம் கேட்டார். சர்வர் கோலா கலந்து கொண்டுவந்தார். "இது வேணாம். ரம் தனியா, எலுமிச்சம்பழம், சர்க்கரை," என்று நான் தமிழில் சொன்னேன். அந்தச் சர்வர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே கொண்டுவந்தார்.

மதாம் சர்க்கரையையும் எலுமிச்சையையும் கலந்து ரம்மை ஊற்றினார். குடிப்பதற்கு முன்னால் கொஞ்சத்தைக் காகிதப்பூச் செடியின் வேரில் விட்டார்.

"யாருக்கு?" என்று கேட்டேன்.

"அப்பாவுக்கு. அப்புறம் மதுராவிரேனுக்கு."

"அது யாரு?"

"எங்க கோயில்ல காவலுக்கு நிக்கற சாமி. குதிரை மேல இருப்பார். கத்தி வச்சிருப்பார். ரம்மும் சுருட்டும் வைப்போம்."

"மதுரைவீரன்," என்றேன். "எங்க அப்பா வழியில குலசாமி. நாங்களும் சாராயமும் சுருட்டும்தான் வைப்போம்."

அவர் என்னையே பார்த்தார். பிறகு கையை நீட்டி என் மாவுக்கட்டின் மேல் வைத்தார். ரொம்ப நேரம் அந்தக் கையை எடுக்கவில்லை. இரண்டு பேரும் சொந்தமாக இருக்கலாமோ என்றெல்லாம் பேசவில்லை. அப்படிப் பேசினால் பொய்யாகிவிடும் என்று இருவருக்கும் தெரியும். "மதாம்னு கூப்பிடாதே. இங்க மூத்தவங்களை எப்படிக் கூப்பிடுவீங்க?" என்று மட்டும் கேட்டார். "அக்கா," என்றேன். அன்றிலிருந்து அவர் அக்கா, நான் தங்கச்சி. அந்த 'தங்கச்சி' அவர் வாயில் 'தாங்காசி' ஆனது. நான் திருத்தவில்லை.

அக்கா தன் டம்ளரை என் பக்கம் தள்ளினார். ஒரு வாய் குடித்தேன். நெஞ்சு எரிந்தது, காது சூடானது, எலுமிச்சை வாசனை மூக்கில் ஏறியது. இதை வீட்டுக்காரரிடம் இதுவரைக்கும் சொன்னதில்லை. இதைப் படித்தால்தான் தெரியும்.

அக்கா ஊருக்குப் போவதற்கு முந்தின நாள் வீராம்பட்டினம் அம்மன் கோயிலுக்குப் போனோம். அவர்கள் ஊரிலும் மாரியம்மன் உண்டாம், 'மாலியேமேன்' என்பார்களாம். தேருக்கு இன்னும் நாள் இருந்தது. ஆனாலும் ஆடி மாசம், கூட்டம் இருந்தது. யாரோ வேண்டுதலுக்குக் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். பெரிய அண்டாவில் கேழ்வரகுக் கூழ், பக்கத்தில் வெங்காயம், முருங்கைக்கீரை, கருவாட்டுக் குழம்பு. வரிசையில் நின்றோம். அக்கா தன் கைப்பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து, சாமி முன்னால் வைக்கச் சொல்ல முடியுமா என்று என்னைக் கேட்டார். அவர் வீட்டில் அரைத்த கொலொம்போப் பொடி. பூசாரியிடம் விஷயத்தைச் சொன்னேன். "எங்கேருந்து வர்றாங்க?" என்று கேட்டார். "கப்பல்ல போனவங்க வீட்டுப் பொண்ணு," என்றேன். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. பொட்டலத்தை வாங்கி அம்மன் காலடியில் வைத்து, கற்பூரம் காட்டி, குங்குமமும் ஒரு எலுமிச்சம்பழமும் சேர்த்துத் திருப்பிக் கொடுத்தார்.

கூழை இரண்டு கையாலும் ஏந்திக் குடித்தார் அக்கா. புளிப்பு அவருக்குப் பழக்கமில்லை. நிறுத்தி நிறுத்தி, ஆனால் மிச்சம் வைக்காமல் குடித்தார். மேலுதட்டில் கூழ் ஒட்டியிருந்தது. துடைத்துக்கொள்ளச் சொன்னேன். "இருக்கட்டும்," என்றார். கூழ் ஊற்றின பெண்மணி அவரைப் பார்த்துவிட்டு இன்னொரு சொம்பு ஊற்றினாள். கோயில் வாசலில் மணலில் உட்கார்ந்து அதையும் பகிர்ந்து குடித்தோம். கொஞ்ச நேரம் கழித்து அக்கா சொன்னார், "எங்க அப்பா பூசையில சில வார்த்தை சொல்வார். அவருக்கும் அர்த்தம் தெரியாது. தப்பாச் சொல்றமோன்னு ரொம்பப் பயப்படுவார். இங்க வந்து பார்த்திருந்தா பயம் போயிருக்கும்."

திரும்பும் வழியில் ஆட்டுக்கறி வாங்கினோம். அந்தப் பொடியைப் போட்டு எங்கள் வீட்டு அடுப்படியில் அக்கா சமைத்தார். என்னை ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்துவிட்டார். எங்கே உப்பு, எங்கே எண்ணெய் என்று கேட்பது மட்டும்தான். நான் சொல்லச் சொல்ல எடுத்துக்கொண்டார். என் அடுப்படியில் இன்னொரு பெண் வேலை செய்வதை உட்கார்ந்து பார்த்தது அதுதான் முதல் தடவை. வாழைக்காயைத் தோலோடு வெட்டிப் போட்டதைப் பார்த்து வார்த்தை வாய் வரைக்கும் வந்துவிட்டது, அடக்கிக்கொண்டேன். நன்றாகத்தான் வெந்தது.

அன்றைக்கு வீட்டுக்காரருக்கு வார விடுமுறை. மூன்று பேரும் கீழே உட்கார்ந்து சாப்பிட்டோம். அவர் ஒரு வாய் போட்டுக்கொண்டு, "உப்பு கம்மி," என்றார். இரண்டாவது தடவை சோறு கேட்டார். மூன்றாவது தடவை குழம்பு மட்டும் கேட்டார். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு வந்து, அக்காவைப் பார்த்துத் தமிழிலேயே சொன்னார், "நல்லா இருந்துச்சுங்க." பிறகு என்னைப் பார்த்து, "ஒனக்கு ஸ்பூன்ல சாப்பிட வரலேன்னு எனக்குத் தெரியவே இல்லை. ஏன் சொல்லல?" என்றார். அக்கா எனக்கு ஊட்டுவதை அவர் அன்றைக்குத்தான் பார்த்தார். இத்தனை நாளும் அவர் வேலைக்குப் போனபிறகுதான் நான் சாப்பிடுவேன்.

"நீங்க கேக்கல," என்றேன். கோபமாகச் சொல்லவில்லை. அவரும் கோபப்படவில்லை. தலையைக் கவிழ்த்துக்கொண்டு வெளியே போனார்.

மறுநாள் அக்காவைச் சென்னை பஸ்ஸில் ஏற்றிவிட்டோம். பெட்டியை வீட்டுக்காரர்தான் தூக்கிவந்தார். பஸ் கிளம்புகிறவரைக்கும் அக்கா ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி என் விரல் நுனிகளைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டுக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டர் சாவியோடு வந்து நின்றார். "அந்த மெஸ் எங்க இருக்குன்னு சொல்லு," என்றார். பின்னால் உட்கார்ந்து வழி சொன்னேன். மெஸ்காரம்மா எங்களைப் பார்த்ததும், "அந்த அம்மா ஊருக்குப் போய்ட்டாங்களா? இவர்தான் வீட்டுக்காரரா?" என்று கேட்டுக்கொண்டே இலையைப் போட்டாள். அவர் உட்காரவில்லை. உள்ளே போய் ஒரு குழிக் கரண்டியும் ஒரு கிண்ணமும் கேட்டு வாங்கிவந்தார். என் சோற்றைக் கிண்ணத்தில் போட்டுக் குழம்பை ஊற்றிப் பிசைந்து, என் முன்னால் வைத்துவிட்டுத் தன் இலையில் குனிந்துகொண்டார். கிண்ணத்தில் சோறு நழுவவில்லை. நானே சாப்பிட்டேன். அவருக்கு வஞ்சிரம் வறுவல் பிடித்துப்போய் இன்னொரு துண்டு கேட்டார். வெளியே வந்து பல்லைக் குத்திக்கொண்டே, "ரசம் ஒன் கைதான் நல்லா இருக்கும்," என்றார். அது அவரால் முடிந்த சமாதானம்.

கட்டுப் பிரித்துப் பல மாசம் ஆகிறது. மழை நாளில் மணிக்கட்டு வலிக்கும். மற்றபடி பழையபடி சமைக்கிறேன். மாடிக்கு ஆட்கள் வருகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அடுப்பு மூட்டுவதில்லை என்று அறைக்கு வருகிறவர்களிடம் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். எங்கே சாப்பிடலாம் என்று கேட்டால் இப்போது என்னிடம் பதில் இருக்கிறது. யாரோ சொல்லக் கேட்ட பதில் இல்லை, என் நாக்கு சொல்கிற பதில். அக்கா குரல் செய்தி அனுப்புகிறார். போன வாரம் அனுப்பியதில் அவர் தீவில் சேவல் கூவுவது கேட்டது. குழம்பில் கடைசியாகத் தேங்காய்ப்பால் விட்டுப் பார்த்தாராம், அவர் அண்ணன் திட்டிக்கொண்டே சாப்பிட்டாராம்.

அக்காவுக்கு நான் நன்றி சொன்னால் அவர் ஏற்றுக்கொள்வதில்லை. தான்தான் சொல்லவேண்டும் என்பார். இரண்டு பேரும் சொல்லிக்கொண்டே போனால் போன் பேட்டரி தீர்ந்துவிடும். அதனால் இங்கே எழுதிவைக்கிறேன். அக்காவுக்கும், கேட்காமல் மோர் வைத்தவளுக்கும், கேட்காமல் இன்னொரு சொம்பு கூழ் ஊற்றியவளுக்கும், பொட்டலத்தை வாங்கி அம்மன் காலடியில் வைத்தவருக்கும்.

போன செவ்வாய்க்கிழமை காலையில் மார்க்கெட்டுக்குப் போகிற வழியில் வாய்க்கால் ஓரம் ஒரு புதுக் காபிக் கடை திறந்திருப்பதைப் பார்த்தேன். தனியாகத்தான் இருந்தேன். கையில் காலிப் பை. உள்ளே போய் ஒரு டிகிரி காபியும் இரண்டு போண்டாவும் கேட்டேன். கல்லாவில் இருந்தவர், "பார்சலாம்மா?" என்றார்.

"இல்லப்பா. இங்கயே," என்று சொல்லிவிட்டு, தெருவைப் பார்க்கிற மாதிரி நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தேன். போண்டா கொஞ்சம் எண்ணெய் குடித்திருந்தது. காபி நன்றாக இருந்தது.